ராக்கெட் பார்க்கப் போன பெண்கள்

விண்வெளிக்குப் போய்த் திரும்பும் வழியில் வானத்திலேயே எரிந்து இறந்துபோன, இந்தியாவில் பிறந்த விண்வெளி வீராங்கனைக்கு, எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் நினைவு நாள் அனுசரிப்போம். கோவைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. நான் அங்கே இயற்பியல் ஆசிரியை. போன வருடம் தலைமையாசிரியர் அந்த வீராங்கனையின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அரைமணி நேரம் பேசினார். பெண்கள் எதற்கும் அஞ்சக் கூடாது என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் அதே மைக்கில், ராக்கெட் ஏவுவதைப் பார்க்கப் போகும் மாணவர்களின் பெயர்களை வாசித்தார். எல்லாம் பையன்கள்.

விண்வெளி வினாடி வினாவில் ஜெயிப்பவர்களைத்தான் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் முதலாவது வந்த பதினொன்றாம் வகுப்புப் பெண் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியரின் அறைக்குப் போய், ஜெயித்த பெண்களில் ஒருத்தி பெயர்கூட ஏன் இல்லை என்று கேட்டேன்.

"வெளியூருல தங்கோணுமுங்க டீச்சர். பொம்பளப் புள்ளைகளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, பெத்தவங்களுக்கு யாருங்க பதில் சொல்றது?"

மரியாதைக்குக் குறைவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல் மூட்டியது. எந்தப் பெற்றவரிடமாவது கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம். அப்படியென்றால் கூடத்தில் நீங்கள் மாலை போட்ட படத்தைக் கழற்றிவிடுங்கள் என்றேன். என் குரல் வராந்தா வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கேட்கட்டும்.

அன்று மாலையே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"என்ற புள்ளைக்கு நான் பதில் சொல்லிக்கறனுங்க. கம்பெனில லீவு சொல்லிப்போட்டு நானே கூட வாரேன்."

மறுநாள் காலை, ஜெயித்த மற்றப் பெண்களின் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார். அத்தனை பேரை நேரில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியரால் மறுக்க முடியவில்லை.

நானும் அவர்களோடு போனேன். ராக்கெட் கிளம்பியபோது சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. அந்த அம்மா மகளின் தோளைப் பிடித்தபடி, புகை கலையும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கோபம் தணியவில்லை. எந்தப் பையனுடைய அம்மாவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வர வேண்டியிருக்கவில்லை. படித்து முதலாவது வந்தவளுக்கு அந்தப் படிப்பு மட்டும் போதவில்லை.

திரும்பி வந்த வாரம், தலைமையாசிரியர் அந்தப் பெண்களை நிறுத்திவைத்துப் படமெடுத்து, பள்ளி வாசலில் பெரிய பேனராகக் கட்டினார். பெண் கல்வியில் நாங்கள்தான் முன்னோடி என்று எழுதியிருந்தது. படத்தின் நடுவில் அவரே நின்றார். படமெடுக்க அம்மாக்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை.