சோற்றில் நட்ட குச்சிகள்

எங்கள் வீட்டு அடுப்படிப் பலகையில் ஒரு ஜோடி மூங்கில் குச்சிகளைப் படுக்க வைத்திருக்கிறேன். சீனாக்காரர்கள் சாப்பிடும் குச்சிகள். முனையில் சிவப்புச் சாயம் அடித்தவை. போன வாரம் மருமகள் இடத்தை ஒழுங்கு செய்கிறேன் என்று அவற்றைக் கரண்டி டம்ளரில் நிமிர்த்திச் செருகிவிட்டாள். பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய விருந்து ஞாபகம் வந்தது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் போய், செங்கம் ரோட்டில் ஒரு வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தேன். வீட்டம்மா சென்னைக்காரர். மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். ஒரு தை மாதம் அங்கே ஒரு சீனத்து அம்மா வந்தார். எனக்கு அவர் மாடியம்மா. என் வயதுதான் இருக்கும். நான் நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவன். அவருக்குத் தமிழில் ‘போதும்’, ‘நல்லா இருக்கு’ தவிர எதுவும் தெரியாது. அதனாலேயே எங்களுக்கு ஒத்துப்போனது.

அவருடைய தாயார் ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூக்கில் குழாயோடு இருந்த முகத்தைப் போனில் காட்டினார். அவர்கள் புத்தாண்டு நெருங்கிய சமயம். அது கழிந்துதான் விமான டிக்கெட் கிடைத்ததாம். விஷயம் தெரிந்ததும் வீட்டம்மா, தன் சிநேகிதர்களைக் கூப்பிட்டுச் சீன முறைப்படி ஒரு பகல் விருந்து வைக்கலாம் என்றார். “பாவம்ணா, அவங்க அம்மா உயிருக்காக வேண்டிக்கிட்டு சமைக்கிறாங்களாம். நம்ம பார்ட்டிக்கு அது ஒரு நல்ல டச்” என்று என்னிடம் சொன்னார். உயிரை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளும் அந்தப் பேச்சு அப்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மாடியம்மா விடியலிலிருந்து அடுப்படியில் நின்றார். கோஸும் கேரட்டும் பொடியாக அரிந்து, மாவில் பொதிந்து, கொழுக்கட்டை போல மடித்து அவித்தார். நீளமான நூடுல்ஸை நான் ஒடிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். நூல் அறுந்தால் ஆயுள் அறுந்தது போல என்று சைகையில் புரியவைத்தார். பிறகு ஒரு கிண்ணச் சோற்றில் குச்சிகளை நட்டுக் காட்டி, கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். செத்தவர்களுக்கு வைக்கும் சோறு. எனக்கு உடனே புரிந்தது. நாங்களும் பிணத்தின் தலைமாட்டில் படி நெல் வைத்து அதில்தானே ஊதுவத்தி குத்துகிறோம். குச்சிகளைப் பிடுங்கி, கிண்ணத்தின் பக்கத்தில் படுக்க வைத்து, “நல்லா இருக்கு” என்றார்.

அவர் குளித்து உடை மாற்ற மாடிக்குப் போனார். வீட்டம்மா சிநேகிதர்களோடு மேசையைப் பார்க்க வந்தார். “என்னண்ணா இது, டல்லா இருக்கு? குச்சி எல்லாத்தையும் சோத்துல நேரா குத்தி வைங்க. போட்டோல அப்பதான் எடுப்பா தெரியும்.”

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பன்னிரண்டு கிண்ணத்திலும் நான்தான் குத்தினேன். பாத்திரம் கழுவ வரும் அக்கா எட்டிப் பார்த்து, “இன்னாண்ணா, எழவு வூட்டுப் படையல் மாதிரி கீது?” என்றாள். “சும்மா இரு” என்று அவளை அடக்கினேன். அவளிடம் மட்டும் எனக்கு வாய் இருந்தது.

மாடியம்மா சிவப்பு ஸ்வெட்டரோடு தட்டை ஏந்தி இறங்கி வந்தார். அப்போது ஒருத்தர் விரலால் கண்ணோரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் குச்சியைக் கொண்டையில் செருகியிருந்தாள். மாடியம்மா மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு, ஒவ்வொரு கிண்ணமாகப் போய் குச்சிகளைப் பிடுங்கிப் படுக்க வைத்தார். எல்லாரும் அதை ஏதோ சடங்கு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

“சூப்பர்! வீடியோல சரியா வரல. இன்னொரு தடவை பண்ணுங்க, ப்ளீஸ்” என்று சொல்லிக்கொண்டே வீட்டம்மா குச்சிகளை மறுபடியும் சோற்றில் குத்தினார்.

மாடியம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் படியேறிப் போனார். “மூட் அவுட் போல” என்றார் வீட்டம்மா. மாடியம்மா விடியலிலிருந்து வேண்டிச் சமைத்ததை அவர்கள் பாதி தின்று, பாதியைத் தட்டிலேயே குதறிப் போட்டார்கள். அறுக்கக் கூடாத நூடுல்ஸை ஒருத்தர் கத்தரியால் வெட்டினார். எச்சிலை வழித்துக் கொட்டும்போது எனக்கு வாந்தி வந்தது. அவர்கள் தெரியாமல் செய்தார்கள். நான் தெரிந்தே செய்தேன்.

அடுத்த வாரம் மாடியம்மா ஊருக்குக் கிளம்பும்போது, இந்த ஜோடியை என் உள்ளங்கையில் படுக்க வைத்தார். மன்னித்தாரா, ஞாபகப்படுத்தினாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தாயார் பிழைத்தாரா என்றும் தெரியாது. அந்த மாதமே நான் வேலையை விட்டேன். பார்ட்டி இப்போதும் வருஷா வருஷம் நடக்கிறது என்கிறாள் பாத்திரம் கழுவும் அக்கா. குச்சிகளைக் குத்தி வைத்து, எல்லாருமாகப் பிடுங்கிப் படுக்க வைத்துக் கைதட்டுகிறார்களாம். சீன வழக்கம் என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறார்களாம்.

டம்ளரிலிருந்து குச்சிகளை எடுத்துப் பலகையில் படுக்க வைத்தேன்.

“நின்னா இன்னா மாமா ஆவும்?” என்றாள் மருமகள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒருத்தி எதிரில் நிற்கும்போது எனக்குச் சரளமாகத்தான் பேச வருகிறது.