வேன் அக்காவின் அசாம்போய்

என் காரின் முன்பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. உள்ளே அசாம்போய், உப்பும் புளிப்பும் ஏற்றிக் காயவைத்த பிளம் பழம். வாங்கிப் பல மாதங்களாகியும் அதிலிருந்து ஒன்றைக்கூட நான் வாயில் போட்டதில்லை. காரில் ஏறுகிறவர்கள், "ரொம்பப் பிடிக்குமா?" என்று கேட்டால், "ரொம்ப" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

கிள்ளானிலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிப்போன கம்பெனி வேனில்தான் அந்தப் பழம் எனக்குப் பழக்கமானது. வேன் இரண்டு வளைவு திரும்பினால் போதும், எனக்குக் குமட்டும். என் முகம் போகிற போக்கைப் பார்த்தே அக்கா ஒரு அசாம்போயை நீட்டிவிடுவார். சொந்த அக்கா இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினோரு வருடமாக உற்பத்தி லைனில் நின்றவர். எல்லோருக்கும் அவர் வேன் அக்கா. யாரும் நியமிக்காமலே அந்த வேனில் யார் எங்கே உட்காருவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அது சாதாரண வேலை இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாரும் அண்ணியும் ஒரே வரிசையில் வரக்கூடாது. மாசமாக இருப்பவள் கடைசி வரிசைக்குப் போகக்கூடாது. முதலில் இறங்குகிறவள் கதவோரம் இருக்க வேண்டும். எனக்கு ஜன்னல் வேண்டும். தினமும் ஒருத்தி லீவு போடுவாள், இன்னொருத்தி புதிதாக வருவாள், எல்லாம் கலையும். அக்கா ஒரு நிமிடம் நின்று பார்ப்பார், அவ்வளவுதான். ஒருநாள் எப்படி என்று கேட்டேன். "மாத்தவே முடியாத ஆள மொதல்ல உக்கார வைக்கணும் லா. மிச்ச பேரு தானா உக்காந்துருவாங்க" என்றார்.

சூப்பர்வைசர் பதவிக்குத் தலைமை அலுவலகம் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் ஒரே மாதிரி பரீட்சை வைக்கும். அக்காவும் நானும் சேர்ந்தே பெயர் கொடுத்தோம். அக்காவுக்கு முழங்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. இனி எட்டு மணி நேரம் லைனில் நிற்க முடியாது, மேசை வேலை கிடைத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. மேலே போக வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. பழைய தாள்களை வைத்துக்கொண்டு மதிய இடைவேளைகளில் கணக்கும் பாதுகாப்பு விதிகளும் படித்தோம்.

பரீட்சை அன்று தாளைத் திருப்பினால் நாங்கள் படித்தது ஒன்றுமே இல்லை. ஏழு பேர் ஒரு வரிசையில் அமர்கிறார்கள், இன்னார் இன்னாருக்குப் பக்கத்தில் இல்லை, நடுவில் இருப்பவர் யார்? மூன்று பேரில் இருவர் பொய் சொல்கிறார்கள், உண்மை சொல்பவர் யார்? இப்படியே பக்கம் பக்கமாகப் புதிர்கள். முதல் கேள்வியை நான்கு முறை படித்தேன். நான்காம் முறை எழுத்தே கண்ணில் ஏறவில்லை. உட்கார்ந்திருந்தது நாற்காலியில், வந்தது வேன் குமட்டல்.

பக்கத்து மேசையிலிருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார். டிஷ்யூவில் சுற்றிய ஒன்று மேசைக்கடியில் என் கைக்கு வந்தது. பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். புளிப்பு நாக்கில் சுள்ளென்று ஏறியதும் மூச்சு நிதானமாக வந்தது. அந்த ருசியோடு வேனும் வந்தது. கேள்வியிலிருந்த ஏழு பேரையும் வேனில் ஏற்றினேன். மாற்றவே முடியாத ஆளை முதலில் உட்கார வைத்தேன். மிச்சப் பேர் தானாக உட்கார்ந்தார்கள். அடுத்த கேள்வி, அதற்கடுத்தது என்று பென்சில் ஓட ஆரம்பித்தது.

சுற்றி வந்த மேற்பார்வை அதிகாரி எங்கள் இருவருக்கும் நடுவே தரையில் கிடந்த டிஷ்யூவைக் குனிந்து எடுத்தார். எதையும் கைமாற்றக்கூடாது என்று தொடக்கத்திலேயே வாசித்திருந்தார்கள். அதற்குள் பழத்தின் சதை கரைந்து, என் கன்னத்தில் கொட்டை மட்டும் இருந்தது. அதிகாரி எங்களிடம் திரும்புவதற்குள் அதை அப்படியே விழுங்கினேன். இதைப் பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா மறைக்கவில்லை. "இவளுக்கு வாந்தி வர மாதிரி இருந்துச்சு, அசாம்போய் குடுத்தேன்" என்று மலாயில் சொன்னார். அதிகாரி என்னிடம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். "நான் இவரிடம் எதுவும் கேட்கவில்லை" என்றேன்.

அது பொய் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லைதான். பொய்யே சொல்லாமல் ஒருத்தியைப் பொய்யாக்க முடியும் என்று அன்று கண்டுகொண்டேன். பயத்தில் உளறிவிட்டேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயமே இல்லை. அன்று அந்த அறையில் என் மனம் அவ்வளவு தெளிவாக இருந்தது. இன்னும் நாற்பது நிமிடம், இன்னும் பன்னிரண்டு கேள்வி என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதிகாரி அக்கா சொன்னதை நம்பாமல் அவரை வெளியே போகச் சொன்னார். அந்த நிதானத்தைக் கொடுத்தவர் பையை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி வெளியே நடந்தார். நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

மறுநாள் காலை வேனில் எனக்கு இடம் இருக்காது என்று நினைத்தேன். இரண்டாம் வரிசை ஜன்னல் காலியாகவே இருந்தது. அக்கா வழக்கம்போல டப்பாவை நீட்டினார். வெட்கத்தில், "வேணாம்க்கா, இன்னிக்கு பரவால்ல" என்றேன். மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தேன். அக்காதான் துடைத்தார். இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் தேர்ச்சி பெற்றேன். அக்காவின் கோப்பில், இனி பரீட்சை எழுத அனுமதி இல்லை என்று குறித்துவிட்டார்கள். நான் கார் வாங்கினேன், அலுவலகத்துக்குப் போனேன், பிறகு அதே பரீட்சையை நடத்தும் பிரிவுக்கே வந்து சேர்ந்தேன். என்ன நடந்தாலும் பதற்றப்படாதவள் என்று பெயர் வேறு. போன வருடம் பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு, தெரியாத புதிரைப் பார்த்தால் எப்படி நிதானமாக இருப்பது என்று பேசச் சொன்னார்கள். பேசினேன். "மாற்றவே முடியாததை முதலில் வையுங்கள், மிச்சம் தானாக அமரும்" என்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டு, "மேடம், இது எங்க படிச்சீங்க?" என்று கேட்டாள்.

"அனுபவம்தான்" என்றேன். கை தட்டினார்கள். அக்காவின் வாய்ப்பை எடுத்தது போதாதென்று அவருடைய வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டேனே என்று கூசிப்போனேன். வீட்டுக்குப் போகும் வழியில் அந்த டப்பாவை வாங்கினேன். ஆனால் நடந்ததை எழுதி மேலதிகாரியிடம் கொடுக்க இன்னும் பல மாதம் பிடித்தது. என்னை என்ன செய்வது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அக்காவின் பெயர் மேலிருந்த தடையை மட்டும் போன வாரம் நீக்கினார்கள்.

தடை நீங்கிய கடிதம் அக்காவுக்குப் போவதற்குள் நானே சொல்ல வேண்டும் என்று கிள்ளானில் வேன் நிற்கும் இடத்துக்குக் காலையில் போனேன். அக்கா இடது காலைச் சற்று அகட்டி நின்றபடி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தடைய எடுத்துட்டாங்க. அடுத்த தடவ நீங்க எழுதலாம். நடந்தது எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு பரீட்சை முடியற வரைக்கும் வெளியத்தான் நின்னேன். நீ வந்து அந்தக் கொட்டைய அவங்ககிட்ட காட்டுவேன்னு பாத்தேன். என்னா பண்ண அத?"

"முழுங்கிட்டேன்க்கா."

"ஐயோ, அவ்ளோ பெருசையா?" என்று ஒரு அடி கிட்டே வந்தார். "தொண்டைல மாட்டிக்கலயா?"

குத்தலில்லை, கேலியில்லை. நான் வாந்தி எடுத்த காலைகளில் கேட்ட அதே குரல். டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா கைப்பிடியைப் பற்றி மெதுவாக ஏறினார். இரண்டாம் வரிசை ஜன்னலோரம் எனக்குத் தெரியாத ஒரு பெண் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். அக்கா சிவப்பு மூடியைத் திருகி, டப்பாவை அவளிடம் நீட்டினார்.