எனக்குப் புளூட்டோ பிடித்த காலம்

சாத்திரம் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு வானத்தில் புதிதாக ஒன்றும் முளைக்கக்கூடாது. மற்றவர் கேள்விக்குப் பதில் சொல்லியே வயிறு வளர்க்கிறவன் பாடு உங்களுக்கு விளங்கும். யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகம் நிறையப் போர்க்கப்பல். யப்பான்காரன் எப்போது குண்டு போடுவான் என்பதே எல்லாருடைய கேள்வியும்.

புது ஆள்

துறைமுகக் கிளார்க் செல்லத்துரை, வெள்ளைக்கார மாலுமி ஒருவர் வீசிவிட்டுப்போன சஞ்சிகையோடு வந்தார். சூரியனிலிருந்து கடைசித் தொங்கலில் புளூட்டோ என்றொரு கிரகம் இருக்கிறதாம். கண்டுபிடித்துப் பத்து வருடத்துக்கு மேலாம். "அதைச் சேர்க்காமலோ இவ்வளவு நாளும் பலன் சொன்னனீங்கள்?" என்றார்.

"அவ்வளவு தூரத்திலை கிடக்கிறது எங்களை என்ன செய்யும், தம்பி?" என்று சமாளித்தேன்.

"யப்பானும் தூரத்திலைதான் கிடக்குது, சாத்திரியார்."

அறுபது வருடத் தோஷம்

செல்லத்துரை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடுத்த கிழமை நிலாவெளிப் பாக்கியமக்கா வந்து, மகனின் கலியாணம் தள்ளிப்போவது புளூட்டோவால்தானோ என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பார்; ஓம் என்றேன். சனி ராசிக்கு இரண்டரை வருடமாக மூன்று ராசியில் ஏழரை வருடம் ஆட்டிவைக்கிறதே, இதற்கு எவ்வளவு காலம் என்றார். சஞ்சிகைக் கணக்குப்படி ராசிக்கு இருபது வருடம். நான் சொல்லி முடிக்கமுன் அவர் விரல் மடித்து அறுபதுக்கு வந்துவிட்டார். மகனின் சாதகக் குறிப்பைப் பறித்துக்கொண்டு எழும்பினார்.

"சனீஸ்வரன் பரவாயில்லை, சாத்திரியார். அவருக்கு வந்தால் போகவும் தெரியும்."

எந்த வீடு?

சனம் ஊரைவிட்டுப் போகத் தொடங்கியது. செல்லத்துரையின் மனைவி மங்களத்துக்கு நிறைமாதம். கிளிவெட்டியில் தமையன் வீட்டுக்குப் போவோம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். செல்லத்துரையோ, புளூட்டோ நிற்கும் இடம் தெரியாமல் பயணம் வைக்க ஏலாது என்று மனைவியையும் என்னிடம் கூட்டிவந்தார். என் பஞ்சாங்கத்தில் புளூட்டோ இல்லை. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. நாலாம் வீடு என்றேன். எட்டாம் வீடு என்றார் செல்லத்துரை. வாக்குவாதம் முற்றும்போது தலைக்கு மேலால் விமானமொன்று இரைந்துகொண்டு போனது. யாருடையது என்று தெரியவில்லை. மங்களம் கையோடு கொண்டுவந்திருந்த உடுப்பு மூட்டையைத் தூக்கினார்.

"அது எந்த வீட்டிலையும் இருக்கட்டும். நான் என்ரை வீட்டிலை இனி இருக்கமாட்டன்."

பெட்டிக்கு வெளியே

கிளிவெட்டிக்குப் போக அன்றே மூதூருக்குத் தோணி ஏறினார்கள், நானும் தொற்றிக்கொண்டேன். சில நாளில் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. திரும்பி வந்து பார்த்தால், செல்லத்துரையின் வீட்டுக் கூரை குசினிக்குள் அடுப்புக்கு மேல் கிடந்தது. கிளிவெட்டியில் பிறந்த பெண்பிள்ளை அவர் தோளில் நித்திரை.

பிள்ளைக்குக் குறிப்பு எழுதும்போது, புளூட்டோவையும் போடவேண்டும் என்று செல்லத்துரை பிடிவாதம். எங்கே போடுவது? பன்னிரண்டு ராசிப் பெட்டிக்கும் வெளியே ஒரு புள்ளி வைத்தேன். உள்ளே கொண்டுவரச் சொல்லி அவர் தொடங்க, கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மங்களம் நிமிர்ந்தார்.

"வெளியிலையே நிக்கட்டும். உள்ளுக்கு வந்தால் அதுக்கும் சோறு போடவேணும்."

அந்த யுத்தத்தில் எங்கள் தலைக்கு மேலால் போனவற்றில் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது புளூட்டோ ஒன்றுதான், பழி முழுக்க அதன் மேல்தான்.