எச்சில் கேட்டவள்

மயிலாப்பூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் வேலை பழகிய நாட்களில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைத்துக்கொள்வேன். சளிப் பரிசோதனைக்கு என் நோட்டில் ஒன்பது படிகள் இருந்தன. டப்பாவில் எண் ஒட்டுவது, கண்ணாடித் தகட்டில் சளியை மெல்லிசாகத் தடவுவது, சூடு காட்டுவது, சிவப்புச் சாயம், அமிலம், நீலச் சாயம் என்று போகும். இவற்றுக்கெல்லாம் முன்னால் முதல் படி: நோயாளியை ஆழமாக இருமிக் காறித் துப்பச் சொல்ல வேண்டும். மற்ற எட்டையும் பிசகாமல் செய்வேன். முதலாவதைத்தான் வாய்விட்டுச் சொல்ல வராது.

எங்கள் வீட்டில் தம்ளர் உதட்டில் பட்டாலே கையை அலம்பச் சொல்வார்கள். காறித் துப்புவது என்றால் எங்கள் தெருவில் ஒருவரை அவமானப்படுத்துவது. ஆகவே டப்பாவை நீட்டி, "இதில் கொஞ்சம் எச்சில் கொடுங்கோ" என்பேன். என்னோடு வேலை பழகிய சாந்தோம் பெண் சிரிப்பாள். "எச்சிலா? ஸ்டாம்பு ஒட்டப் போறியா?"

ஒருநாள் காலை கொட்டிவாக்கத்திலிருந்து மீன் விற்கும் பெண் ஒருத்தி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். இரண்டு மாத இருமல். இடுப்பில் பால் குடிக்கும் பெண் குழந்தை. க்ஷயரோகத்துக்கு மருந்தென்று எங்கள் கையில் ஒன்றும் இல்லாத காலம். நோய் என்று தெரிந்தால் குழந்தையைப் பிரித்துவைப்பதுதான் செய்யக்கூடியது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"இன்னா கீதுன்னு பார்த்துச் சொல்லும்மா. இதுக்கும் வந்துடப் போவுது."

நான் எச்சில் கேட்டேன். அவள் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அந்தப் பக்கம் திரும்பி, முந்தானையால் மறைத்துக்கொண்டு மரியாதையாகக் கொஞ்சம் உமிழ்ந்து கொடுத்தாள். தண்ணீராக, நுரையாக இருந்தது.

நுண்ணோக்கியில் பெரிய தட்டையான செல்கள் மட்டும் தெரிந்தன. கன்னத்தின் உட்புறத்திலிருந்து உதிர்பவை. நெஞ்சிலிருந்து வந்தது ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தால் தகட்டை ஒதுக்கிவிட்டு வேறு சளி வாங்க வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தேன். அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள், பத்தடி தூரத்தில். நான் சீட்டில் 'கிருமி காணப்படவில்லை' என்று எழுதினேன். பொய்கூட இல்லை.

"அப்ப இத்தப் பக்கத்துல படுக்க வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம்" என்றேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. குழந்தையும் இருமியது. இந்தத் தடவை டப்பாவை நீட்டியது சாந்தோம் பெண். "அடியிலேர்ந்து இழுத்து நல்லாக் காறித் துப்பும்மா." அவள் காறியது அறை முழுக்கக் கேட்டது. தகட்டை நான்தான் பார்த்தேன். நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

டாக்டர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "போன தடவை இல்லைன்னு எழுதியிருக்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அந்தம்மா மேல தப்பில்ல சாமி. அவங்க எதிர்ல காறித் துப்பக் கூச்சமா இருந்திச்சி. நான்தான் சரியாக் குடுக்கல."

"கூச்சப்பட்டா நோய் போயிடுமா? குழந்தையை நினைச்சுப் பார்த்தியா?" என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று, பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே முடிவை எழுதிக்கொண்டிருந்தேன்.