சினிமாக் கப்பல் பாய் விரித்த நாள்

1. அலாரம்

டெம்பரேச்சர் அலாரம் அடித்தபோது துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் எங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்குப் பின்னால், டோ ரோப் என்கிற இழுவைக் கயிற்றின் மறுமுனையில், ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. அதில் நாற்பது பேராவது இருப்பார்கள்.

கீழே என்ஜின் ரூமிலிருந்து டிரைவர் சேவியர் கத்தினான்.

"மாஸ்டர்! நிறுத்தியாகணும். இன்னும் ஓட்டுனா என்ஜின் செத்துரும்!"

நான் தூத்துக்குடியில் டக் மாஸ்டராக வேலை பார்த்தவன். டக் என்பது பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் துறைமுகக் கரையோரம் பெர்த்தில் சேர்க்கிற சின்னக் கப்பல். ஏரல் பக்கம் வயல்காட்டில் பிறந்தவன் கடலுக்கு வந்து, ரிட்டயர் ஆகும்வரை அதிலேயே இருந்துவிட்டேன். இப்போது புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்கள் வீட்டுக்கு வந்தால், எந்த நாளில் ரொம்பப் பயந்தீர்கள் என்று கேட்பார்கள். அந்த அலாரம் அடித்த நாளைத்தான் சொல்வேன். வாய் பிளந்து நின்றதும் அதே நாள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

2. உலகம் சுற்றும் படம்

அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெரிய பட்ஜெட் படம். முத்து வியாபாரி ஒருவன் இந்தக் கரையிலிருந்து புறப்பட்டு, கப்பலிலேயே உலகத்தைச் சுற்றி வருகிற கதை. இன்றைக்கும் டிவியில் போட்டால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் ஓடும்.

உலகம் சுற்றுகிற படம் என்றதும் அவர்கள் பல நாடுகளுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். சில நாடுகளுக்குப் போனார்கள். ஆனால் பாதி உலகத்தை எங்கள் ஊரைச் சுற்றியே எடுத்துவிட்டார்கள். உப்பளத்தில் உப்புக் குவியல்களுக்கு நடுவே கம்பளிக் கோட்டு போட்டு நடிகர்களை நடக்கவிட்டார்கள். அது துருவப் பிரதேசம். வெயிலில் அவர்களுக்கு வேர்த்துக் கொட்ட, துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். திருச்செந்தூர் போகிற வழியில் செக்கச் சிவந்த தேரி மணல் இருக்கிறதே, அது பாலைவனம். காயல்பட்டணத்துச் சந்து ஒன்று அரபு நாட்டுக் கடைத்தெரு ஆனது. அந்தச் சந்தின் நிஜ ஆட்களில் பலர் அப்போது துபாயில் வேலையில் இருந்தார்கள் என்று காயல்பட்டணத்து நண்பர் ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

கடல் காட்சிகளுக்காக ஒரு பழைய தோணியை எடுத்தார்கள். தோணி என்றால் ஆற்றைக் கடக்கிற சின்னப் படகு இல்லை. எங்கள் ஊர்த் தோணி மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் சரக்கு ஏற்றிப் போகிற மரக்கப்பல். அவர்கள் எடுத்த தோணி ஓடாமல் கிடந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிளைவுட்டில் மாடி கட்டி, சிற்பம் வைத்து, பழைய ஐரோப்பியக் கப்பலாக மாற்றினார்கள். என்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லைட்டுக்கான ஜெனரேட்டரை இறக்கினார்கள். முன்பக்கம் தொங்கிய நங்கூரம்கூட ஃபைபர்தான், கறுப்புப் பெயிண்ட் அடித்தது. நிஜ நங்கூரம் பார்க்க நன்றாக இல்லை என்று கரையிலேயே கிடந்தது. டக் கூடவே இருக்குமே என்று எல்லோருக்கும் தைரியம்.

மூன்று பாய்மரங்கள். முன்னும் பின்னும் இருந்த மரங்களில் வெயில்பட்டால் மினுங்குகிற மெல்லிய துணியைப் பாயாகக் கட்டினார்கள். நடு மரத்தில் மட்டும் தோணியின் சொந்தப் பாயையே விட்டுவைத்தார்கள். உலகம் சுற்றி வந்த பாயில் கறை இருக்க வேண்டும் என்பது டைரக்டரின் ஆசை.

மாலுமிகளாக நடிக்க எங்கள் தோணிக்காரர்களையே கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் லாசர் அண்ணாச்சி. வேறொரு தோணியில் தண்டல், அதாவது கேப்டன். சீசன் இல்லாததால் நடிக்க வந்திருந்தார். அவருக்குத் தோள் வரைக்கும் பொன்னிற விக், முகத்தில் ரோஸ் நிறப் பூச்சு. முதல் நாள் பார்த்ததும் நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீய மாஸ்டர். கயித்தைப் புடிச்சு இழுக்குத மாதிரி நடிக்கணுமாம், இழுக்கக் கூடாதாம். இழுத்தா பிளைவுட்டு பிஞ்சிருமாம். நெசமா இழுக்கதைவிட அதுதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

3. கயிறு அறுந்தது

அன்று வெளிக்கடலில் ஷூட்டிங் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்கு மேல் கச்சான் காற்று கூடிவிட்டது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அது. நாங்கள் அதை எதிர்த்துக் கரைக்கு வருகிறோம்; எங்களுக்குப் பின்னால் வடகிழக்கில் தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பார் என்கிற பவளப் பாறைத் திட்டும் இருக்கின்றன. பாரில் ஏறினால் மரக்கப்பல் பிளந்துவிடும்.

சேவியர் மேலே ஓடி வந்தான். கையில் கொழகொழவென்று எதையோ அள்ளி வைத்திருந்தான்.

"சொறிமீன் மாஸ்டர். கூட்டமா வந்து சக்‌ஷன்ல அடைச்சிருச்சு. வடிகட்டுத ஸ்ட்ரெய்னர் ரெண்டும் ஃபுல்லு. தண்ணி ஒரு சொட்டு ஏறலை."

என்ஜினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை உறிஞ்சுகிற குழாயின் வாயில் சொறிமீன், அதாவது ஜெல்லி மீன், அடைத்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்திவிட்டுத்தான் கழுவ வேண்டும். நிறுத்தினேன். போர்ட் கன்ட்ரோலைக் கூப்பிட்டேன். இன்னொரு டக் பெரிய கப்பலோடு துறைமுகத்துக்குள் நுழைகிற சேனலில் இருந்தது. அதை விட்டுவிட்டு உடனே வர முடியாது. உடனே நங்கூரம் போடச் சொன்னேன். நங்கூரம் பிடித்தது. டக் நின்றது.

நாங்கள் நின்றதும் பின்னால் வந்த கப்பலின் பாரம் முழுவதும் ஒரே நொடியில் கயிற்றில் விழுந்தது. அந்தப் பிளைவுட் மாடிகளில் காற்று அப்படிப் பிடித்திருந்தது. கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து, விறைத்து, முன்பக்கச் சிற்பத்தைத் தாங்கிய இரும்பு ஃபிரேமில் உரசியது. வெடி போட்டது மாதிரி ஒரு சத்தம். அறுந்த முனை எங்கள் டெக்கின் மேல் வந்து அடித்தது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை.

சினிமாக் கப்பல் குறுக்காகத் திரும்பி, பக்கவாட்டில் தீவைப் பார்த்து மிதக்க ஆரம்பித்தது.

என் பக்கத்தில் அசோசியேட் டைரக்டர் நந்தினி நின்றிருந்தார். சென்னைப் பெண். டக்கில் இருந்தபடி வாக்கி டாக்கியில் தகவல் சொல்வது அவர் வேலை. அவருடைய கணவர் கார்த்திக் கேமராமேன். அந்த நேரம் கார்த்திக் கப்பலின் பின்மர உச்சியில், கூடை மாதிரி கட்டிய இடத்தில், பெல்ட்டால் தன்னைக் கட்டிக்கொண்டு கேமராவோடு இருந்தார்.

"சார், நம்ம எப்போ போய்ப் பிடிப்போம்?" என்று நந்தினி கேட்டார்.

"கழுவி முடிக்கணும்மா."

"அதுக்குள்ள?"

நான் பைனாகுலரை எடுத்தேன். தீவின் பக்கம் பாரில் அலை உடைந்து தண்ணீர் வெளுத்துத் தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

கூட வந்த ஃபைபர் படகு போய்க் கப்பலை முட்டித் தள்ளிப் பார்த்தது. அசையவில்லை. படகைக் கண்டதும் கப்பலில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் ஓட, கப்பல் சாய்ந்தது. அப்போதுதான் வாக்கி டாக்கியில் லாசர் அண்ணாச்சியின் குரல் முதல்முறையாகக் கேட்டது. யார் கையிலிருந்தோ அதை வாங்கியிருக்கிறார்.

"எல்லாரும் இருந்த எடத்துல உக்காருங்க! ஒருத்தரும் எந்திரிக்கப்புடாது! மாஸ்டர், கேக்குதா? நீங்க வர லேட்டாவுமா?"

"ஆவும் அண்ணாச்சி. பாருக்கு முந்தி வர முடியாது."

பிறகு அவர் வேறு யாரிடமோ பேசுவது கேட்டது.

"டைரக்டர் சார், பாயை ஏத்தப் போறேன். சுக்கான் ஒங்க கேப்டன் ரூமுக்குள்ள கெடக்கு. ரூமை ஒடைக்கணும்."

"உடைங்க. எதை வேணா உடைங்க" என்றார் டைரக்டர்.

4. பாய்

பைனாகுலரில் பார்த்தேன். மேல்மாடியில் பித்தளைப் பூண் போட்ட அழகான ஸ்டியரிங் சக்கரம் ஒன்று வைத்திருந்தார்கள். அது சும்மா சுற்றும், எதோடும் சேராது. நிஜச் சுக்கான் அதற்குக் கீழே பிளைவுட் அறைக்குள் மறைந்திருந்தது. விக் வைத்த நாலு பேர் கோடரியால் அந்த அறையை அடித்து நொறுக்கினார்கள். திரைச்சீலையும் மேஜையும் உலக உருண்டையும் கடலில் விழுந்தன.

முன்மரத்து மெல்லிய துணி அதற்குள் காற்றில் கிழிந்து சாட்டை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

"ஏலே மிக்கேலு! அந்தச் சீலையை வெட்டி விடுலே! அது பாயில்ல, சேலைத் துணி!" என்று லாசர் அண்ணாச்சி கத்தினார். "நடு மரத்துக்கு வாங்கலே எல்லாரும்! நடிக்காம இழுங்க!"

இழுத்தார்கள். அவர்களோடு டைரக்டரும் இழுத்தார், லைட்மேன்களும் இழுத்தார்கள், படத்தின் ஹீரோவும் இழுத்தார். அவருக்கு உள்ளங்கை உரிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கறை படிந்த அந்தப் பெரிய பாய் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பாதியில் காற்று அதை உதறியபோது மரம் முழுவதும் ஆடியது.

"கார்த்திக், இறங்கிடு, ப்ளீஸ்" என்று நந்தினி வாக்கியில் சொன்னார்.

லாசர் அண்ணாச்சியின் குரல்தான் பதில் சொன்னது.

"எறங்கப்புடாது தம்பி. கீழ கயிறு ஓடுது, சிக்கிருவ. பெல்ட்டைப் புடிச்சுட்டு அங்கனயே இரி. அம்மா, நீங்க பயப்படாதீய. அவர் இருக்குத மரம் தேக்கு."

பாய் நிரம்பியது. அந்தச் சத்தம் அவ்வளவு தூரத்தில் இருந்த எங்களுக்கே கேட்டது. தடாரென்று ஒரு அடி, பிறகு அமைதி. உதறல் நின்றுவிட்டது. பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்த கப்பல் ஒரு கணம் யோசிப்பது மாதிரி நின்றது. அப்புறம் முன்னால் நகர்ந்தது. தானாக, என்ஜின் இல்லாமல், நான் இழுக்காமல்.

இத்தனை வருஷமாக எத்தனையோ கப்பலை அசைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் கப்பல் என்பது தள்ளினால் போகிற பாரம். அது உயிரோடு எழுந்து நடந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பக்கம் மெல்லக் கிழக்கே திரும்பியது. அதன் முழு விலாவும் எங்கள் பார்வைக்கு வந்தது. பாதி உடைந்த மாடி, கிழிந்து தொங்குகிற துணி, நடுவில் மேகம் மாதிரிப் புடைத்த ஒரே பாய். முன்னால் நுரையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அது வேஷம் போட்ட தோணி என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. உலகத்தைச் சுற்றப் புறப்பட்ட கப்பல் ஒன்று என் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் பார் இன்னும் இருந்தது. கிழக்கே திரும்பினாலும் காற்று அவர்களைப் பக்கவாட்டில் தீவின் பக்கம் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. தீவின் கிழக்கு முனையைத் தாண்டிவிட்டால் ஆழம். தாண்டுவார்களா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. கப்பலுக்கும் வெள்ளை நுரைக்கும் நடுவே இருந்த நீலம் சுருங்கிக்கொண்டே வந்தது. நந்தினி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று லாசர் அண்ணாச்சி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சுக்கான் பிடித்தவனிடமா, கப்பலிடமா தெரியவில்லை. "மாதாவே, இன்னும் கொஞ்சம்."

முனை அருகே உயர்ந்த அலைகளுக்குப் பின்னால் கப்பல் மறைந்தது. பாய்மரங்கள் மட்டும் தெரிந்தன. அவை நகர்ந்துகொண்டிருந்தன. நிற்கவில்லை. ஒன்றும் சாயவில்லை. பிறகு முனைக்கு அந்தப் பக்கம், நல்ல நீலத் தண்ணீரில், கப்பல் முழுதாக வெளியே வந்தது.

சேவியர் அப்போதுதான் கிரீஸ் கையோடு மேலே வந்தான். "கிளீன் ஆயிருச்சு மாஸ்டர், ஸ்டார்ட் பண்ணலாம்" என்றவன், கடலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"ஏலே, என்னலே இது" என்றான் தனக்குத்தானே.

5. தியேட்டரில்

நாங்கள் போய் மறுபடி கயிறு கொடுத்து, எல்லோரையும் கரை சேர்த்தோம். கார்த்திக்கைக் கீழே இறக்கினார்கள். நந்தினி அவரைத் திட்டினார், அழுதார், மறுபடி திட்டினார். அவ்வளவு நேரமும் கேமராவை கார்த்திக் நிறுத்தவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. தென் அமெரிக்காவின் நுனியில் புயலில் சிக்குவதாகக் கதை. மேலேயிருந்து எடுத்த படம்: புடைத்த பாய், கீழே கயிறு இழுக்கிற ஆட்கள், பக்கத்திலேயே நுரை பொங்குகிற பாறை. தியேட்டரில் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் லாசர் அண்ணாச்சியும் குடும்பத்தோடு போயிருந்தோம். அவர் குரலை எடுத்துவிட்டு வேறு யாருடைய குரலையோ போட்டு, மேலே பெரிய மியூசிக்கும் சேர்த்திருந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இடைவேளையில் டீ குடிக்கும்போது சொன்னார். "பாத்தீயளா மாஸ்டர், படத்துல நான் எவ்வளவு தைரியமா நிக்கேன். நெசத்துல காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிட்டு நின்னுச்சு."

"எனக்குத் தெரியலையே அண்ணாச்சி."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும், அவ்வளவு தூரத்துல இருந்தீய."

அது உண்மைதான். கயிறு அறுந்த பிறகு நான் வெறும் பார்வையாளன். அங்கே இருந்தவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களில் தோணிக்காரர்கள் பதினோரு பேருக்கு வேலை தெரிந்திருந்ததும், ஒரு பாய் நிஜமாக இருந்ததும் யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை ஒரு பழக்கம் வைத்திருந்தேன். சரக்கு ஏற்றிய பார்ஜோ, பழுதான படகோ, எதை இழுக்கப் போனாலும், கயிறு கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்து ஆளிடம் கேட்பேன்: "நடுக்கடல்ல நான் இல்லாமப் போனா என்ன செய்வீய?" சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும், டக்கை நம்பித்தானே வருகிறோம் என்பார்கள். அந்த ஆள் ஒழுங்கான பதிலாக ஒன்று சொல்லும்வரை நான் கயிறு கொடுத்ததில்லை. இளைஞர்களுக்கும் அதையே சொல்கிறேன். கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.