எலியோடு நின்றுபோன மருந்து

மாதுளைச் சாறு போலச் சிவந்த திரவம் நிரம்பிய கண்ணாடிக் குப்பியை என் கையிலிருந்து வாங்கித் தன் அக்கா மகனிடம் கொடுத்தார் என் ஆய்வு நெறியாளர். சிதம்பரத்து ஆய்வகத்தில், எல்லோரும் பார்க்க நடந்தது. அதில் மிதந்தவை கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள். மேலே தங்கம் பூசியிருந்தேன். ஊசியில் ஏற்றினால் புற்றுக்கட்டியில் போய்த் தங்கும், ஸ்கேனில் அதைக் காட்டும், ஒளியைப் பாய்ச்சினால் சூடேறி அதைக் கருக்கவும் செய்யும். எலிகளில் செய்து காட்டியிருந்தேன்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போற பொண்ணு நீ. கட்டுரையில மொதப் பேரு உனக்கு எதுக்கும்மா? தம்பி பேரு இருக்கட்டும்" என்றார். அன்றே ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். நாசமாய்ப் போகட்டும் என்று வழியெல்லாம் சபித்தேன். அந்தச் சாபத்தை இன்றுவரை திரும்பப் பெறவில்லை.

நோகாமல் நுங்கு தின்ன வந்த அந்தத் தம்பிக்குப் பொறுமை கிடையாது. தங்கத்தின் மேல் இன்னொரு பாதுகாப்புப் பூச்சைச் சொட்டுச் சொட்டாக ஏற்றவேண்டும். இல்லையென்றால் ரத்தத்திலுள்ள உப்புப் பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிவப்பு நீலமாகிவிடும். அவன் மொத்தமாகக் கவிழ்த்தான். ‘இன்னைக்கும் நீலம்தான்’ என்று அந்த ஆய்வகத்தில் இருந்த தோழி போனில் சொல்லும் நாட்களில் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நெறியாளரின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். போன மாதம் அவரே போன் செய்தார். குரல் தேய்ந்திருந்தது. கல்லீரலில் கட்டி, அறுக்க முடியாத இடமாம்.

"நம்ம மருந்த எங்கனா மனுசங்களுக்குக் குடுக்குறாங்களாம்மா?"

"அது எலியோட நின்னுபோச்சு சார்."



"நீ இருந்திருந்தா இந்நேரம் வந்திருக்குமா?"

வந்திருக்காது. இப்படிப்பட்ட எத்தனையோ துகள்கள், எவ்வளவோ பெரிய ஆய்வகங்களிலேயே எலியைத் தாண்டவில்லை. நல்ல நாளில் அவருக்கும் அது தெரியும். சாவு பயம் எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. அந்த உண்மையைச் சொன்னால் அவர் நிம்மதியாகப் படுத்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது.

"வந்திருக்கும் சார். ஒங்களுக்கே குடுத்திருப்பாங்க" என்றேன்.