முதல் முடி

குழந்தையின் முதல் முடியைக் குலதெய்வத்தின் முன்னால்தான் இறக்க வேண்டும், அதற்கு முன் தலையில் கத்தி பட்டால் உயிர் தங்காது என்று ஜவ்வாது மலையில் என் கணவரின் குடும்பம் நம்பியது. நானும் அதை மறுத்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஏழாம் மாதத்திலேயே மகள் பிறந்தாள். திருப்பத்தூரிலிருந்து எங்களைப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். வெளியே தெரியாத வலிப்பு உண்டா என்றறிய, தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் அலைகளைத் தாளில் பதிய வேண்டும். அதற்காக நர்ஸ் நெற்றியோரத்தில் இரண்டு இடங்களில் முடியை மழித்துவிட்டார்.

குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே என்னோடும் கணவரோடும் நின்ற நாத்தனார் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமே இது? சாமி முடியில கத்தி வெக்கிறாங்க, நீ பாத்துக்னு நிக்கிற?"

"வைத்தியத்துக்குத்தாங்க அண்ணி."

"நம்ம வூட்டுக்கே இன்னும் கரண்ட்டு வரல, கொழந்த மண்டைக்கு வந்துடுச்சா? தம்பி, கொழந்தய வாங்குடா. வூட்டுக்குப் போலாம்."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்திட்டால் கொடுத்துவிடுவார்கள். வெப்பப் பெட்டியை விட்டு எடுத்தால் மலைப்பாதையின் முதல் வளைவுவரைகூட அவள் தாங்கமாட்டாள்.

நான் நர்ஸிடம் மழித்த முடியைக் கேட்டேன். தட்டில் பஞ்சோடு கிடந்ததை எடுத்துத் தந்தார். முந்தானை ஓரத்தைக் கிழித்து அதில் முடிந்து, நாத்தனாரிடம் நீட்டினேன்.

"சாமிக்கு உண்டானது சாமிகிட்டயே போவட்டும். நீங்களே எடுத்துக்னு போங்க அண்ணி. கொழந்த இங்கியே இருக்கட்டும்."

அவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். சாமை அறுப்பு இருக்கிறதென்று கணவரும் அவரோடு மலையேறினார். பத்தொன்பது நாட்கள் யாரும் வரவில்லை.

பதிவெடுக்கும்போதெல்லாம் கண்ணாடியருகே நின்றிருப்பேன். பேனா முட்கள் நெடுநேரம் தட்டையாகவே ஓடும். பிறகு திடீரென ஒரு கொத்து அலை. குறைமாதத்தில் அப்படித்தான் இருக்கும், அந்தத் தட்டையான இடைவெளி நாளுக்கு நாள் குறைகிறதா என்பதுதான் முக்கியம் என்றார் மருத்துவர். பேச்சுத் துணைக்கு எவருமில்லாத அந்த நாட்களில், அடுத்த கொத்தை வரச் சொல்லி அந்தத் தாளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல இடைவெளி குறைந்தது.

மறுவருடம் குலதெய்வத்தின் முன்னால் மகளுக்கு மொட்டையடித்தபோது, நாத்தனார் அந்த முடிப்பை அவிழ்த்து, உள்ளிருந்ததைப் புதிய முடியோடு சேர்த்துச் சாமிக்கு வைத்தார். அதுவரை எங்கே வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

மகளுக்கு இடது கால் இழுக்கும், பேச்சு வரவேயில்லை. நாத்தனாரும் இறந்துவிட்டார், கணவரும் இறந்துவிட்டார். வீட்டில் நானும் அவளும் இருக்கிறோம்.